மூன்று நாள் ஆகிவிட்டால் நன்றாக ஓடுகிற கனுலாவையும் கழற்றத்தான் வேண்டுமா?

இரவுப்பணி:

வணக்கம் எல்லோருக்கும். திருகோணமலை மாவட்டத்தில் ஒரு வைத்தியசாலையில், மெடிக்கல் வார்டில் தாதியாக இருக்கிறேன். பாஸாகி வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, அதனால் கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கிழமை தம்பலகாமத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். வயது எழுபதுக்கு மேல், நீரிழிவும் இருக்கிறது. வயலில் காலில் ஏதோ குத்தி முழங்கால் வரை சிவந்து வீங்கி, எட்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அன்டிபயோட்டிக் ஏற்ற வேண்டிய நிலை. கையைப் பார்த்தால் நாளம் கண்ணுக்கும் தெரியாது, தொட்டாலும் பிடிபடாது. மூன்றாவது குத்தில்தான் முன்கையில் ஒரு நீலக் கனுலா (மருந்து ஏற்ற நாளத்துக்குள் விட்டு வைக்கிற சின்னக் குழாய்) ஏறியது. ஏறின பிறகு அதுபோல ஒரு லைன் கிடையாது, மூன்று நாளும் சிவப்பு இல்லை, நோவு இல்லை, சேலைன் தள்ளினால் தடையே இல்லாமல் போகும்.

எங்கள் வார்ட் வழக்கம் 72 மணித்தியாலம். ஆனதும் கழற்று, வேறு இடத்தில் போடு. அன்றைக்கு என் நைட்டில் இரவு பதினொரு மணிக்கு 72 முடிந்தது, கழற்றினேன். அப்புறம் நடந்ததைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. நான் இரண்டு குத்து, கூட நின்ற தாதி மிஸ் இரண்டு, நித்திரையால் எழும்பி வந்த எச்.ஓ. (பயிற்சி டொக்டர்) இரண்டு, கடைசியில் நோகாத காலின் புறங்காலில் போட்டு விடியும்போது அதுவும் வீங்கிவிட்டது. அந்த அம்மா ஏசவில்லை. "ஓடுற வாய்க்காலை ஏன் பிள்ளை மறிச்சனீ?" என்று மட்டும் கேட்டார். ஏசியிருந்தால் பரவாயில்லை என்று நினைத்தேன்.

காலையில் வார்டுப் பொறுப்பான சிஸ்டரிடம் கேட்டேன், 72 என்றால் 72, கதை இல்லை என்றார். அவுஸ்திரேலியாவில் இருக்கிற என் பட்ச் தோழி, அங்கே இந்த வழக்கத்தை எப்போதோ விட்டுவிட்டார்கள் என்கிறாள். யார் சொல்வது சரி? "உங்கள் வைத்தியசாலைக் கொள்கைப்படி செய்யுங்கள்" என்று தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம், அதைத்தான் செய்தேன். இந்த 72 எங்கேயிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். இன்னொன்று, நாங்கள் தோலைத் துடைப்பது டப்பாவில் ஊற வைத்த ஸ்பிரிட் பஞ்சால்தான், அது போதுமா?

பாலையூற்றுப் பெடியன்:

தங்கச்சி, உங்கள் தோழி சொன்னதுதான் சரி. நான் இங்கிலாந்துக்கு வந்து ஆறு வருஷம், இங்கே ஒருவரும் மணிக்கணக்குப் பார்த்துக் கனுலா கழற்றுவதில்லை. 2014இல் வந்த எபிக்3 என்ற இங்கிலாந்தின் தொற்றுத் தடுப்பு வழிகாட்டி நேரடியாகவே சொல்கிறது, தேவை வந்தால் மாற்று, வழக்கத்துக்காக மாற்றாதே என்று.

இதற்குப் பெரிய சாட்சி 2012இல் லான்செட் சஞ்சிகையில் வந்த ஆய்வு. ரிக்கார்ட் என்ற தாதியப் பேராசிரியரும் அவருடைய குழுவும் குயின்ஸ்லாந்தில் மூன்று வைத்தியசாலைகளில் 3283 நோயாளர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கத்துக்கு மூன்றாம் நாள் மாற்றினார்கள், மற்றப் பக்கத்துக்கு ஏதாவது கோளாறு வந்தால் மட்டும். நாள அழற்சி இரண்டு பக்கமும் 7 சதவீதம், ஒரு வித்தியாசமும் இல்லை. மாற்றினதால் மிஞ்சினது கூடுதல் குத்தும் கூடுதல் செலவும்தான். அதற்குப் பிறகு 2019 கொக்ரேன் மீளாய்வு 9 ஆய்வுகளையும் 7412 பேரையும் சேர்த்துப் பார்த்து, நாள அழற்சியிலோ இரத்தத் தொற்றிலோ தெளிவான வித்தியாசம் காணவில்லை என்றது.

நாங்கள் பார்ப்பது விப் ஸ்கோர், கனுலா போட்ட இடம் அழன்றிருக்கிறதா என்று பார்த்துப் போடுகிற புள்ளி. 1998இல் அண்ட்ரூ ஜக்சன் என்ற தாதி எழுதியது. 0 என்றால் இடம் சுத்தம். 1 என்றால் கொஞ்சம் நோவு அல்லது கொஞ்சம் சிவப்பு, கவனித்துக்கொண்டிரு. 2 என்றால் நோவு, சிவப்பு, வீக்கம் இவற்றில் இரண்டு சேர்ந்துவிட்டது, கழற்று. அதற்கு மேலே போக விட்டால் பிழை எங்களுடையது. பேப்பரைப் பிரிண்ட் எடுத்துச் சிஸ்டரின் மேசையில் வையுங்கள், விஷயம் முடிந்தது.

உப்புவெளி அக்கா:

தம்பி, விஷயம் முடியவில்லை. பேப்பரை மேசையில் வைத்தால் சிஸ்டருக்குக் கோபம்தான் வரும், அதுவும் இரண்டு வருஷப் பிள்ளை வைத்தால் சொல்லத் தேவையில்லை. நான் தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதியாகக் கன காலம் இருந்து ஓய்வு பெற்றவள், மிச்சத்தையும் சொல்லுகிறேன்.

முதலில் 72. பிள்ளை கேட்டது நல்ல கேள்வி, நானே அதைப் பாடமாக வாங்கிப் பாடமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், மூல வசனத்தை வாசித்தது பிறகுதான். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையமான சி.டி.சி.யின் 2011 வழிகாட்டியில் இருப்பது என்ன தெரியுமா? வளர்ந்தவர்களுக்குக் கைக் கனுலாவை 72 முதல் 96 மணித்தியாலத்துக்கு ஒரு தடவையைவிட அடிக்கடி மாற்றத் தேவையில்லை. தேவையில்லை! அதாவது அதற்கு முன்னம் சும்மா கழற்றிக் குத்தாதே என்று சொல்ல வந்த வசனம். அது கை மாறி வார்டுக்கு வரும்போது "72 ஆனால் கழற்றியே ஆக வேண்டும்" என்று தலைகீழாகிவிட்டது. இன்னும் ஒன்று, அதே வழிகாட்டி குழந்தைகளுக்குக் கோளாறு வந்தால் மட்டும் மாற்று என்கிறது. குழந்தையின் கனுலாவை மணிக்கூடு பார்க்காமல் வைத்திருக்கலாம் என்றால் தம்பலகாமத்து அம்மாவின் கனுலா மட்டும் 72இல் எப்படி நஞ்சாகும்?

இது வரைக்கும் தம்பி பக்கம்தான் நிற்கிறேன். இனித்தான் விலகுகிறேன்.

ஜெனீவாவில் பல்கலைக்கழக வைத்தியசாலைகள் 2018இல் இதே மாதிரி மாறின. அதுவரை 96 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மாற்றிக்கொண்டிருந்தவர்கள், இனிமேல் தேவைப்பட்டால் மட்டும் என்று விட்டார்கள். கனுலாவால் வருகிற இரத்தத் தொற்று ஏறியது. 2019 கடைசியில் பழைய முறைக்கே திரும்பினார்கள், தொற்றும் இறங்கியது. நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட கனுலாக்களை வைத்துப் பார்த்த கணக்கு, 2021இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் சஞ்சிகையில் வந்தது. தம்பி சொன்ன கொக்ரேனிலும்கூட, வழக்கமாக மாற்றினால் திரவம் வெளியே கசிவதும் லைன் அடைபடுவதும் குறையலாம் என்று இருக்கிறது, அதை விட்டுவிட்டுச் சொல்லக் கூடாது.

அப்போ எது சரி? ஆய்வு செய்கிற இடத்தில் ஆய்வுத் தாதி ஒவ்வொரு நாளும் வந்து கனுலா போட்ட இடத்தைப் பார்ப்பாள், அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். ஒரு மிஸ் நாற்பது கட்டிலைப் பார்க்கிற எங்கள் நைட்டில் அப்படி யார் பார்க்கிறார்கள்? ஜெனீவாவில் ஏன் ஏறியது என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்லலாம், என்னைக் கேட்டால் கண் குறைந்ததுதான் காரணம். மணிக்கூட்டை எடுத்தால் அந்த இடத்தில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளை வைக்காமல் 72ஐ மட்டும் எடுத்தால், ஐந்தாம் நாள் பிளாஸ்டருக்குக் கீழே சீழ் பிடித்த கையைத்தான் பார்ப்பீர்கள். நான் பார்த்திருக்கிறேன். காய்ச்சல் எங்கேயிருந்து வருகிறது என்று நெஞ்சுப் படம், சலம், மலேரியா எல்லாம் பார்த்து, கடைசியில் யாரோ பழைய பிளாஸ்டரை உரித்தபோது அங்கே இருந்தது காரணம். அந்த லைனால் இரண்டு நாளாக ஒரு மருந்தும் போயிருக்கவில்லை.

அதனால் 72க்குச் சண்டை பிடிக்கிறதுக்கு முன்னம், பிள்ளை, ஒரு நைட்டில் உங்கள் வார்டைச் சுற்றி வந்து எத்தனை கனுலா சும்மா கிடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். "இருக்கட்டும், அவசரத்துக்கு உதவும்" என்று விட்டு வைத்தது. அதைத்தான் முதலில் கழற்ற வேண்டும், அது 20 மணித்தியாலமானாலும் சரி. அமெரிக்காவின் மிச்சிகனில் 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் லைன் தொற்றைக் குறைக்கப் புரொனொவோஸ்ட் குழு செய்து 2006இல் வெளியிட்ட வேலையைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், கை கழுவு, முழுசாகப் போர்த்திக்கொள், குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் துடை, தொடை நாளத்தைத் தவிர், தேவையில்லாத லைனைக் கழற்று. அது பெரிய நாளத்துக்குள் போடுகிற கழுத்து லைன் போன்றவைக்குத்தான், ஆனால் அந்தக் கடைசி வரி கைக் கனுலாவுக்கும் அப்படியே பொருந்தும். காசும் போகாது.

கழற்ற வேண்டியவை இன்னும் உண்டு. மூதூரிலிருந்தோ புல்மோட்டையிலிருந்தோ அம்புலன்ஸில் ஓடுகிற வண்டிக்குள் போட்டு வருகிற கனுலா, உயிரைக் காப்பாற்றப் போட்டது, யாரையும் குறை சொல்ல முடியாது, ஆனால் அங்கே சுத்தம் பார்த்திருக்க முடியாது. அதை 48 மணித்தியாலத்துக்குள் மாற்ற வேண்டும். காலில் போட்டதும் அப்படித்தான், வளர்ந்தவருக்குக் காலில் போட்டால் கை கிடைத்த உடனே கழற்ற வேண்டும், நீரிழிவு அம்மாவுக்குக் காலில் போட்டதை நான் அந்த ட்யூட்டியில் இருந்திருந்தால் ஏசியிருப்பேன். எச்.ஓ.வையும் சேர்த்து.

தோல். 70 சதவீத ஸ்பிரிட் கைக் கனுலாவுக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டதுதான், பயப்பட வேண்டாம். கிடைத்தால் அல்ககோலில் கலந்த 2 சதவீத குளோர்ஹெக்சிடின் நல்லது, ஸ்பிரிட் காய்ந்தால் வேலை முடிந்தது, குளோர்ஹெக்சிடின் தோலில் நின்று வேலை செய்யும். பிரான்சில் பொய்த்தியே நகரத்தில் 1000 பேரை வைத்துப் பார்த்தார்கள், 2021இல் வந்தது. அல்ககோல் கலந்த அயடினால் துடைத்துப் போட்ட கனுலாக்களில் 17 சதவீதத்தில் கிருமி குடியேறியிருந்தது, குளோர்ஹெக்சிடின் பக்கத்தில் 1 சதவீதம். ஆனால் எதால் துடைத்தாலும் காய விட வேண்டும், ஊதியோ விசிறியோ காய வைக்கக் கூடாது, துடைத்த பிறகு "நாளம் எங்கே" என்று திரும்ப விரலால் தடவக் கூடாது. அந்த விரலை நான் வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறேன்.

பஞ்சு டப்பாதான் பிரச்சினை. உலக சுகாதார நிறுவனம் 2010இலேயே சொல்லிவிட்டது, ஊற வைத்த பஞ்சைப் பொதுப் பாத்திரத்தில் வைத்து எடுக்காதீர்கள் என்று. மூடியைத் திறந்து திறந்து அல்ககோல் ஆவியாகிவிடும், மிஞ்சுவது ஈரப் பஞ்சு. காய்ந்த பஞ்சை வைத்திருந்து அந்த நேரம் நனைத்து எடுங்கள், ஒரு ஆளுக்கு ஒன்று.

அதைவிடக் கொடியது சேலைன் போத்தல். 500 மில்லி போத்தல் ஒன்றின் வாயில் ஒரு ஊசியைக் குத்தி டிரொலியில் நிற்பாட்டி, பகல் முழுக்க எல்லா நோயாளிக்கும் அதிலிருந்தே ஃப்ளஷ், அதாவது லைனைக் கழுவுகிற சேலைன், உறிஞ்சுவது. எத்தனை வார்டில் பார்த்தேன், எத்தனை தடவை அந்த ஊசியைப் பிடுங்கி எறிந்தேன், அடுத்த நாள் வந்தால் இன்னொரு ஊசி அதே இடத்தில் நிற்கும். ஒரு ஆளுடைய சிரிஞ்சு திரும்ப ஒரு தடவை அதற்குள் போனால் போதும், பி, சி மஞ்சள் காமாலை தொடங்கி எல்லாம் வார்ட் முழுக்கப் பங்கு வைக்கலாம். சின்னக் குப்பி சேலைனை ஒரு ஆளுக்கு உடைத்து மிச்சத்தைக் கொட்டுங்கள். காசு வீண் என்பார்கள். வீண் எது என்று எனக்குத் தெரியும்.

பிளாஸ்டரும் அப்படித்தான், முன்கூட்டியே கிழித்துக் கட்டில் கம்பியில் வரிசையாக ஒட்டி வைப்பது, உருளையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிவது. கம்பியில் இருந்ததெல்லாம் துளை போட்ட இடத்துக்குப் போகும். கச்சான் வீசுகிற மாதங்களில் எங்கள் ஊரில் வியர்வைக்குப் பிளாஸ்டர் அரை நாள்கூட நிற்காது, அதற்கு மேலே இன்னொரு பிளாஸ்டர், அதற்கு மேலே பண்டேஜ். மூடி மூடிக் கடைசியில் பார்க்க ஒன்றும் இல்லை. கழன்றதை முழுசாக எடுத்து, தோலைத் துடைத்துக் காய விட்டுப் புதிதாக ஒட்டுங்கள், துளை தெரிகிற மாதிரி. உள்ளே பார்க்க முடியாத கனுலாவுக்கு 72தான் நல்லது, அதிலே நான் உங்கள் சிஸ்டர் பக்கம்.

சம்பூர்க்காரி:

நான் தாதி இல்லை, நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அப்பாவுக்கு மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் கீமோ நடக்கிறது, மேல்கையில் பிக் லைன் என்று ஒரு நீளமான குழாய் போட்டு அனுப்பியிருக்கிறார்கள், அடுத்த தடவை போக மூன்று கிழமை இருக்கிறது. கிழமைக்கு ஒரு தடவை கழுவி டிரெஸ்ஸிங் மாற்றச் சொல்லிக் கடிதம் தந்தார்கள். இங்கே கிட்ட ஒரு இடத்துக்குக் கொண்டுபோனேன், இதை நாங்கள் தொட மாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேறோர் இடத்தில் ஒரு மிஸ் செய்ய வந்தார், ஆனால் 2 மில்லி சிரிஞ்சால் தள்ளப் பார்த்தார், போகவில்லை, பலமாகத் தள்ளினார், அப்பா வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டார். சரியா பிழையா என்று எனக்குத் தெரியாது, அந்த மிஸ் நல்லவர்தான். இன்னொன்று, ஆடி அமாவாசைக்குக் கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் போய்க் குளிக்க வேண்டும் என்று அப்பா ஒற்றைக்காலில் நிற்கிறார், அப்பப்பா இறந்த வருஷத்திலிருந்து விட்டதே இல்லையாம்.

பாலையூற்றுப் பெடியன்:

அக்கா (உப்புவெளி அக்கா), ஜெனீவா விஷயம் எனக்குத் தெரியாது, வாசித்தேன், வாயை மூடிக்கொள்கிறேன். இங்கே எங்கள் வார்டில் ஷிப்டுக்கு ஒரு தடவை ஸ்கோர் எழுதாவிட்டால் கணினி சிவப்புக் காட்டும், அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

சம்பூர்த் தங்கச்சி, பிக் லைன் என் தினசரி வேலை, அதனால் நான் சொல்கிறேன். உங்கள் அப்பா கையை இழுத்தது நூற்றுக்கு நூறு சரி. சின்னச் சிரிஞ்சில்தான் அழுத்தம் கூட, பார்த்தால் எதிர்மாறாகத் தோன்றும். 2 மில்லியால் பலமாகத் தள்ளினால் குழாய் உள்ளேயே வெடிக்கலாம். எப்போதும் 10 மில்லி சிரிஞ்சு, அதுவும் போகாவிட்டால் தள்ளக் கூடாது, நிறுத்த வேண்டும். கை மடங்கியிருக்கிறதா, கிளிப் பூட்டியிருக்கிறதா என்று பார்த்து, அப்பாவைக் கையை உயர்த்தச் சொல்லி, இருமச் சொல்லி, அப்படியும் போகாவிட்டால் மகரகமவுக்குத்தான் போன் பண்ண வேண்டும்.

அந்த மிஸ்ஸுக்கும் காட்டுங்கள், அவருக்கும் உதவும். மூடியை ஸ்பிரிட்டால் 15 செக்கன் திருகித் தேய்த்துக் காய விட வேண்டும், சும்மா தொட்டு எடுப்பது போதாது. முதலில் மெதுவாக இழுத்து இரத்தம் வருகிறதா பார்த்து, பிறகு 10 மில்லி சேலைனை ஒரே மூச்சில் தள்ளிவிடாமல், கொஞ்சம் தள்ளி நிறுத்தி, தள்ளி நிறுத்தி விட வேண்டும், அந்தச் சுழிதான் குழாயின் உள்பக்கத்தைக் கழுவுகிறது. வெளிப்படையான டிரெஸ்ஸிங் கிழமைக்கு ஒரு தடவை, கோஸ் வைத்து ஒட்டியிருந்தால் இரண்டு நாளுக்கு ஒரு தடவை, நனைந்தாலோ ஓரம் கிளம்பினாலோ அன்றைக்கே. பழைய டிரெஸ்ஸிங்கை உரிக்கும்போது குழாயை வெளியே இழுத்துவிடாமல் கையிலிருந்து தோளை நோக்கி உரிக்க வேண்டும். தோலுக்கு வெளியே எத்தனை சென்ரிமீட்டர் நிற்கிறது என்று கடிதத்தில் எழுதியிருப்பார்கள், ஒவ்வொரு தடவையும் அளவுங்கள். கூடியிருந்தால் குழாய் வெளியே வந்துவிட்டது, உள்ளே திருப்பித் தள்ளவும் கூடாது, அதால் மருந்து ஏற்றவும் கூடாது.

அந்தக் கையில் பிரஷர் பார்க்க விடாதீர்கள். கை வீங்கினால், தோள் கழுத்துப் பக்கம் நொந்தால் இரத்தக் கட்டியாக இருக்கலாம். சேலைன் தள்ளி அரை மணித்தியாலத்தில் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் லைனில் கிருமி என்று நினைக்க வேண்டும், கீமோ எடுக்கிற ஆளுக்கு அது "நாளைக்குப் பார்ப்போம்" விஷயம் இல்லை, அந்த இரவே பெரியாஸ்பத்திரி.

கன்னியா. அப்பாவுக்கு எப்படிச் சொல்வீர்களோ தெரியாது, கிணற்றடியில் அள்ளி ஊற்றுவதும் வேண்டாம், கடலும் வேண்டாம். கையை மேலே பிடித்து, பொலித்தீனைச் சுற்றி மேலும் கீழும் ஒட்டி, வீட்டில் இடுப்புக்குக் கீழே ஊற்றலாம், மேல் உடம்பைத் துணியால் துடைக்கலாம். கன்னியாவுக்குப் போய்க் கிரியையைச் செய்யட்டும், கால் நனைக்கட்டும். ஐயரிடம் முதலே சொல்லி வையுங்கள், அப்பா ஐயர் சொன்னால் கேட்பார்.

டயலிசிஸ் அறை:

எல்லாம் சரி, ஒரு இடத்தில் மட்டும் கையைத் தூக்குகிறேன். முன்கையில் போட்டது நல்ல லைன் என்று எல்லோரும் சொல்கிறீர்கள், மற்ற ஆட்களுக்கு அது உண்மைதான், மூட்டு மடங்காத இடம், அதிக நாள் நிற்கும். சிறுநீரக நோயாளிக்கு அப்படி இல்லை. பதவி சிறிபுர பக்கத்திலிருந்து வருகிற கமக்காரர்களில் எத்தனை பேருக்குக் கிரியாட்டினின் (சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் கூடுகிற கழிவு) ஏறியிருக்கிறது என்று இந்த மாவட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். அவர்களுக்கு நாளைக்கு டயலிசிஸுக்காக நாடியையும் நாளத்தையும் இணைத்து ஃபிஸ்டுலா செய்ய வேண்டியது அந்த முன்கை நாளத்தில்தான். இன்றைக்கு நீங்கள் மூன்று குத்துக் குத்திக் கட்டியாக்கினால் சத்திரசிகிச்சை சேருக்கு வேலை செய்ய நாளம் இருக்காது. அவர்களுக்குப் புறங்கை. பிக் லைன் வேண்டவே வேண்டாம். ஃபிஸ்டுலா இருக்கிற கையில் கனுலா, இரத்தம் எடுப்பது, பிரஷர் ஒன்றுமே வேண்டாம், அவசரமென்றாலும் மற்றக் கையைப் பாருங்கள்.

கழுத்தில் டயலிசிஸ் லைன் இருந்தால், "நல்ல பெரிய லைன் இருக்கே" என்று அதால் அன்டிபயோட்டிக் ஏற்ற வேண்டாம். உள்ளே இரத்தம் உறையாமல் இருக்கச் செறிவான ஹெபரின் பூட்டி வைத்திருப்போம். இழுத்து எறியாமல் அப்படியே தள்ளினால் அந்த ஹெபரின் முழுக்க ஆளுக்குள் போகும். ஒரு தடவை வார்டிலிருந்து மூக்கால் இரத்தம் ஓட ஓட ஒரு ஐயாவைக் கொண்டுவந்தார்கள். எந்த வார்ட் என்று சொல்ல மாட்டேன். ஐயா தப்பிவிட்டார்.

நீரிழிவு அம்மாவுக்குக் கிரியாட்டினின் பார்த்தீர்களா, இரவுப்பணி மிஸ்?

இரவுப்பணி:

எல்லோருக்கும் நன்றி, பதில் எழுதப் பத்து நாள் ஆகிவிட்டது. அம்மாவின் கிரியாட்டினின் கொஞ்சம் கூடத்தான், பி.எச்.டி.யில் (கட்டிலோடு இருக்கிற நோயாளர் குறிப்பேட்டில்) இருந்தது, கனுலா போடும்போது நான் பார்க்கவில்லை. இனிப் பார்ப்பேன்.

உப்புவெளி அக்கா சொன்னபடி ஒரு நைட் எண்ணினேன். கட்டிலில் இருந்த கனுலா 19, அதில் 7 சும்மா. ஒருவருக்கு இரண்டு கையிலும் இருந்தது, ஏன் என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. திகதி எழுதியிருந்தது 11இல் மட்டும், அப்போ 72, 72 என்று நாங்கள் எதை எண்ணிக்கொண்டிருந்தோம் என்றே விளங்கவில்லை. பேப்பர் ஒன்றும் காட்டவில்லை அக்கா, இந்த எண்ணிக்கையை மட்டும் ஒரு துண்டில் எழுதிச் சிஸ்டரிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து ரவுண்டில் கன்சல்டன்ட் சேரிடம் ஒவ்வொரு கட்டிலிலும் "சேர், இந்த லைன் இனியும் வேண்டுமா" என்று கேட்கத் தொடங்கினார். அன்றைக்கு மட்டும் 5 கழற்றினோம்.

72 அப்படியேதான் இருக்கிறது. ஆனால் நாளம் கிடைக்காத ஆட்களுக்கு, ஷிப்டுக்கு ஒரு தடவை பார்த்து ஸ்கோர் எழுதினால், எச்.ஓ. பி.எச்.டி.யில் குறித்தால், விட்டு வைக்கலாம் என்று சம்மதித்திருக்கிறார். எழுதுவது இப்போதைக்கு நானும் இன்னொரு மிஸ்ஸும்தான். மற்றவர்கள், உனக்கு வேலை இல்லையா என்கிறார்கள். சேலைன் போத்தலில் ஊசி இன்னும் நிற்கிறது. இரண்டு தடவை பிடுங்கினேன்.

அந்த அம்மா வீட்டுக்குப் போய்விட்டார், கால் வற்றிவிட்டது. கிளினிக்குக்கு வந்த அன்று வார்டுக்கு ஏறி வந்து ஒரு பை கீரை தந்துவிட்டுப் போனார். கையைப் பிடித்துப் பார்த்தேன், ஆறு குத்தில் இரண்டு இன்னும் கறுத்துப்போய் இருக்கிறது.

டயலிசிஸ் அறை மிஸ், ஒன்று கேட்க வேண்டும். புறங்கையில் போட்டால் வயசானவர்களுக்கு இரண்டாம் நாளே கசிகிறது. இன்னும் மெல்லிய 24 மஞ்சள் போட்டால் நிற்குமா, அல்லது 22 நீலத்துடன் கை மடங்காமல் பலகை வைத்துக் கட்டலாமா?